பாறையைத் தாழ்த்தாதீர்

கோலாலம்பூரிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியாக ரவாங்குக்குச் செல்வோர், டெம்ளர் பூங்காவை அணுகும்போது, காட்டின் பசுமைக்கு மேலே தனித்தெழுந்து நிற்கும் செங்குத்துக் குன்று ஒன்றைக் காண்பர். தாக்குன் குன்று என்பது அதன் பெயர். சுண்ணாம்புக்கல்லால் ஆன அக்குன்றில், கயிறும் ஆப்பும் கொண்டு ஏறுவோர் பல பத்தாண்டுகளாக ஏறி வருகின்றனர். சுண்ணாம்புக் குன்றுகளுக்கே உரிய அரிய செடிவகைகள் அதன் பிளவுகளில் வேரூன்றி வாழ்கின்றன. ரவாங் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகள் பேருந்திலும் மகிழுந்திலும் அதைக் கடந்து போகின்றனர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதவும் செய்கின்றனர். கண்ணெதிரே நிற்கும் குறிஞ்சியின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர்.

இந்நிலைக்கு இரு தரப்பார் பொறுப்பாவர். பாறையேற்றம் என்பது வேண்டாத வேலை, பிள்ளைகள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்போர் முதல் தரப்பார். ஏறட்டும், ஆனால் முதலில் பாறையைத் துளைத்து இரும்பாணி அடித்து, ஏணி பொருத்தி, யாரும் ஏறத்தக்கதாக ஆக்கிவிடுங்கள் என்போர் இரண்டாம் தரப்பார். முதல் தரப்பாரின் அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்கு விடை சொல்ல முடியும். இரண்டாம் தரப்பாரின் வாதமோ கருணையின் உடையணிந்து வருகிறது. ஆதலால் அதுவே கூடுதல் தீங்கு செய்வது. பாறையை மனிதனின் இயலாமைக்கு ஏற்பத் தாழ்த்துவதா, மனிதனைப் பாறையின் உயரத்துக்கு ஆயத்தப்படுத்துவதா என்பதே இங்குள்ள வழக்கு. இவ்வழக்கு பாறையோடு முடிவதும் அன்று. தமிழ்ப்பள்ளியின் வகுப்பறை வரை நீளக்கூடியது.

முதலில், மரபுவழிப் பாறையேற்றம் என்பது யாது என்று தெளிவு பெறுதல் வேண்டும். அதற்கு மிகவும் ஏற்றது கருங்கல். பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல ஆறிக் கெட்டியானதே கருங்கல். மேலிருந்த மண்ணும் பாறையும் அரிக்கப்பட்டுக் கருங்கல் வெளிப்படும்போது, அதன்மேல் இருந்த பாரம் குறைந்து, நீண்ட நேரான வெடிப்புகள் தோன்றுகின்றன. ரவாங்குக்குக் கிழக்கே வடக்குத் தெற்காக நீளும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகள் பழைமையான கருங்கல்லால் ஆனது. மலேசியாவில் கருங்கற் செங்குத்துகளை ஏற விரும்புவோர் தியோமான் தீவின் தெற்கே முக்குட் சிற்றூருக்கு மேலே நிற்கும் இரட்டைக் கொம்புகளை நாடுகின்றனர். சபாவின் கினபாலு மலையும் கருங்கல்லே. 4,095 மீட்டர் உயரமுள்ள அது, புவியியல் கணக்கில் இளமையானது. அதன் கல் உருவாகி ஏறத்தாழ 70 முதல் 80 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன.

இத்தகைய பாறையில் இருவர் ஏறுகின்றனர். ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள கயிற்றின் இரு முனைகளிலும் இருவரும் தம்மைப் பிணைத்துக்கொள்கின்றனர். முன்செல்பவர் கையும் காலும் கொண்டு வெடிப்பைப் பற்றி ஏறுகிறார். சில மீட்டருக்கு ஒருமுறை வெடிப்பைக் கூர்ந்து நோக்கி, அது குறுகும் இடத்தில் ஓர் உலோக ஆப்பைச் செருகுகிறார். கீழ்நோக்கி இழுக்க இழுக்க அந்த ஆப்பு மேலும் இறுகும். அதில் கொக்கி வளையத்தை மாட்டிக் கயிற்றை அதனூடே விடுகிறார். கீழே நிற்பவர் கயிற்றைக் காக்கிறார். முன்செல்பவர் கடைசி ஆப்புக்கு மேலே மூன்று மீட்டர் சென்று தவறினால், ஆறு மீட்டரும் கயிறு நீளும் அளவும் வீழ்வார். ஆப்பு சரியாக அமைந்திருந்தால் அங்கே தொங்குவார். அமையாவிட்டால் அதற்கும் கீழுள்ள ஆப்பே அவருக்குத் துணை.

கயிறு முடியுமிடத்தில், அல்லது நிற்க இடங்கிடைக்கும் விளிம்பில், முன்செல்பவர் ஆப்புகள் மூன்றையேனும் பொருத்தி நிலைக்கட்டு ஒன்றை அமைக்கிறார். பின்பு, பின்வருபவர் ஏறுகிறார். வரும் வழியில் எல்லா ஆப்புகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறார். இஃது ஒரு கட்டம். உயர்ந்த செங்குத்துகளில் இப்படிப் பத்துக் கட்டங்கள், இருபது கட்டங்கள் உண்டு. இறுதியில் பாறையில் அவர்கள் ஏறியதற்கான அடையாளம் ஏதும் எஞ்சாது. அடுத்து வருபவர் அதே வெடிப்பை முதன்முதலாகப் படிப்பதுபோலத் தாமே படித்தாக வேண்டும். ஏறும் திறன் ஒருபுறமிருக்க, எங்கே எந்த ஆப்பு நிற்கும் என்று தீர்மானிக்கும் அறிவும், அத்தீர்மானத்தின்மேல் தம் உயிரையும் தோழரின் உயிரையும் வைக்கும் பொறுப்பும் இங்கே வேண்டப்படுகின்றன. இவற்றை வேறொருவர் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டால் எஞ்சுவது உடற்பயிற்சி மட்டுமே.

இம்முறை ஒரே நாளில் பிறந்ததன்று. அதன் வரலாற்றில் தமிழ் மாணவர்கள் அறிய வேண்டிய செய்திகள் உள. 1950களில் வேல்ஸ் நாட்டு மலைகளில் ஏறிய பிரிட்டிஷ் இளைஞர்கள், இருப்புப்பாதை ஓரத்தில் கிடந்த பழைய திருகு நட்டுகளைப் பொறுக்கி, அவற்றில் கயிறு கோத்து, பாறை வெடிப்புகளில் செருகிப் பாதுகாப்புத் தேடினர். இன்றைய விலையுயர்ந்த அலுமினிய ஆப்புகளுக்கு மூதாதை அந்த இருப்புப்பாதை நட்டுகளே. மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைத்தும் காத்தும் நின்றவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அவர்கள் நாள்தோறும் கையாண்ட பொருளே வேறொரு நாட்டில் அறிவுக் கருவியாக மாறியது. பொருள் இங்கும் இருந்தது. அதைக் கொண்டு பாறையை நோக்கி நடக்க ஓய்வும் ஊக்கமும் இல்லாமற் போயின.

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வேறொரு படிப்பினை கிடைத்தது. அங்கே எல் காப்பிடான் என்னும் கருங்கற் செங்குத்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ளது. அதன் மூக்கு எனப்படும் விளிம்பை 1958ஆம் ஆண்டில் வாரன் ஹார்டிங் குழுவினர் முதன்முதலாக ஏறி முடித்தனர். பதினெட்டு மாத காலத்தில், இடையிடையே ஏறியும் இறங்கியும், நூற்றுக்கு மேற்பட்ட துளையாணிகளை அடித்தும் அதனைச் செய்தனர். அக்காலத்தில் வெடிப்புகளில் எஃகு அறையாணிகளைச் சுத்தியால் அடித்து ஏறுவதும் வழக்கம். ஒவ்வொரு குழுவும் அடித்துப் பிடுங்க, பிடுங்கி அடிக்க, கருங்கல்லின் மெல்லிய வெடிப்புகள் சிதைந்து பொத்தல்களாயின. கல் வலிது என்பது உண்மை. சுத்தியோ அதனினும் பொறுமையானது.

அந்த அறையாணிகளைச் செய்து விற்றவர்களுள் முதன்மையானவர் இவோன் சுவினார். தம் தொழிலின் பெரும்பகுதி வருவாய் அவற்றிலிருந்தே வந்தபோதிலும், பாறை சிதைவதைக் கண்ட அவர், 1972ஆம் ஆண்டு வெளியிட்ட தம் விற்பனைப் பட்டியலிலேயே, சுத்தியைக் கைவிட்டுக் கையால் செருகிக் கையால் எடுக்கும் ஆப்புகளுக்கு மாறும்படி வேண்டினார். டக் ராபின்சன் என்னும் மலையேறி எழுதிய கட்டுரை ஒன்று அப்பட்டியலில் இடம்பெற்று, ஒரு தலைமுறையின் வழக்கத்தையே திருப்பியது. வணிகர் ஒருவர் தம் சரக்கைத் தாமே வேண்டாம் என்று சொன்ன நிகழ்ச்சி இது. 1978இல் ரே ஜார்டின் உருவாக்கிய, விசையால் விரிந்து வெடிப்பின் இரு சுவரையும் அழுத்தும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன்பின், பக்கங்கள் இணையாக அமைந்த வெடிப்புகளிலும் ஆணியின்றிப் பாதுகாப்புப் பெற முடிந்தது. 1993இல் லின் ஹில் என்னும் பெண்மணி, எல் காப்பிடானின் அதே மூக்கை, கயிற்றையும் கருவியையும் வீழ்ச்சிக்கான காப்பாக மட்டுமே வைத்துக்கொண்டு, தம் கையாலும் காலாலும் முழுவதும் ஏறினார். அதற்கு முன் எந்த ஆடவரும் அதைச் செய்ததில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று தென் அமெரிக்காவின் பத்தகோனியாவில் நிகழ்ந்தது. செரோ தோரே என்னும் கருங்கற் கோபுரத்தில் 1970ஆம் ஆண்டில் இத்தாலியரான செசாரே மேஸ்திரி ஏறினார். எண்ணெயால் இயங்கும் காற்றழுத்த இயந்திரத்தைப் பாறைமேல் இழுத்துச் சென்று, அதனால் ஏறத்தாழ 400 துளையாணிகளை அடித்து, அவ்வாணிகளையே படிகளாக்கிக்கொண்டார். இயந்திரத்தை அங்கேயே தொங்கவிட்டு இறங்கினார். துளையாணிகளை அடித்து ஏறுவது இயலாமை என்னும் எல்லையையே கொன்றுவிடும் செயல் என்ற கருத்தில் ரைன்ஹோல்ட் மெஸ்னர் கண்டனக் கட்டுரை ஒன்று எழுதியுள்ளார். இயலாதது என்று ஒன்று இருந்தால்தான் முயற்சிக்குப் பொருள் உண்டு. இயந்திரத்தின் முன் இயலாதது எதுவும் இல்லை. ஆகவே இயந்திரம் வென்றது மலையை அன்று, முயற்சியை. அவர் வாதத்தின் சாரம் இவ்வாறு அமைகிறது.

நாற்பது ஆண்டுகள் கடந்தன. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் இளைஞர் இருவர் அம்மலையின் தென்கிழக்கு விளிம்பில் அந்த ஆணிகளைப் பெரும்பாலும் பயன்படுத்தாமல் ஏறி, இறங்கும்போது நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பிடுங்கி எறிந்தனர். மலையடிவார ஊரில் பெரும் சினம் எழுந்தது. காவல்துறை அவர்களைச் சிறிது நேரம் பிடித்தும் வைத்தது. ஆணிகள் இருந்தாலன்றி யாரும் ஏற முடியாது என்று கூறியோர் பலர். அதற்கடுத்த சில நாள்களிலேயே ஆஸ்திரிய நாட்டு டேவிட் லாமா, தம் தோழருடன், அவ்விளிம்பைக் கையாலும் காலாலும் மட்டுமே முழுவதும் ஏறிக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாகப் பாறையில் இருந்த இரும்பு, ஏறியவர்களுக்கு உதவியது என்பது உண்மை. அப்பாறையில் இத்தகைய ஏற்றம் இயலும் என்னும் எண்ணத்தையே அது நாற்பது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது என்பதும் உண்மை.

இனி வகுப்பறைக்கு வருவோர் வரலாம். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வித்தல், எந்த வினாவுக்கும் பொருந்தும் முன்னுரை ஒன்றை ஊட்டிவிடுதல், கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை அரைத்துக் கொடுத்தல், கடினமான செய்யுளுக்குப் பொருள்நூலை முதலில் திறந்து வைத்துவிட்டுச் செய்யுளைப் பின்னர் பார்க்கச் சொல்லுதல் ஆகிய யாவும் பாறையில் அடித்த துளையாணிகளே. மாணவன் உச்சிக்குப் போகிறான், மறுக்கவில்லை. தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் வெடிப்பைப் படிக்க அவன் கற்கவில்லை. ஆணி இல்லாத பாறை ஒன்றின் முன், அதாவது முன்பின் பாராத பாடம் ஒன்றின் முன், அவனைத் தனியே நிறுத்தினால் கைகட்டி நிற்கிறான். ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவ பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வு போயிற்று, ஆணியடிக்கும் பழக்கம் போகவில்லை. இரும்பைப் பிடுங்கிய பின்னும் அதன் துளை கல்லில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஆதலால் பாறையேற்றத்தைத் தமிழ் மாணவர்க்கு அளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை, மற்றுமொரு விளையாட்டைப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை அன்று. தானே நோக்கித் தானே தீர்மானித்துத் தீர்மானத்தின் விளைவைத் தானே தாங்கும் கல்வி எப்படிப்பட்டது என்பதை மாணவனின் விரல்நுனிக்கு உணர்த்துவதற்கான கோரிக்கை. காற்பந்தில் தவறு செய்தவனைக் குழு காப்பாற்றும். தேர்வில் தவறு செய்தவனை மறுதேர்வு காப்பாற்றும். ஆப்பைத் தவறாகச் செருகியவனுக்கு அந்த ஆப்பே உண்மையைச் சொல்லும், தரையில் நின்று பயிலும்போது அது சொல்வது வலிக்காது, எனினும் மறக்காது.

இங்கே எதிர்வாதங்கள் எழும். அவற்றுள் மிகக் கனமானது உயிரைப் பற்றியது. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சபாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏழு பேர் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி ஒன்றைச் சேர்ந்த மாணவர். இருவர் அவர்தம் ஆசிரியர். பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்வதைப் பற்றி எழுதும் எவரும் அந்நாளைத் தாண்டிச் செல்லக் கூடாது. ஆசிரியரின் கையில் பெற்றோர் ஒப்படைத்த உயிர்கள் அவை. இருந்தும் அத்துயரிலிருந்து எதைக் கற்பது என்பதில் தெளிவு வேண்டும். அம்மாணவர்கள் மேற்கொண்டிருந்தது, கினபாலுவின் கருங்கல்லில் 2007இல் அமைக்கப்பட்ட இரும்பேணிப் பாதைப் பயணம். படிகளும் கம்பிக் கயிறுகளும் பொருத்தப்பட்ட பாதையாக இருந்தும், மலையே அசைந்தபோது பாறைகள் உருண்டன. எவருடைய தவற்றாலும் நிகழ்ந்ததன்று அது. ஆனால், இரும்பு பொருத்திவிட்டால் மலை பாதுகாப்பான இடமாகிவிடும் என்னும் நம்பிக்கைக்கு அதற்குமேல் இடமில்லை. மலை மலையாகவே இருக்கிறது.

பாறையேற்றத்தில் ஆபத்து உண்டு. அதை மறைத்துப் பேசுவோர் அக்கலைக்குப் பகைவர். ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பல்கட்டச் செங்குத்தில் ஏற்றுங்கள் என்று இங்கு யாரும் கேட்கவில்லை. தொடக்கப்பள்ளியில் முடிச்சுகள் கற்பிக்கலாம். எட்டு வடிவ முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும், தோழன் போட்ட முடிச்சைச் சோதிக்கவும் பழக்கலாம். இடைநிலைப் பள்ளியில் தகுதி பெற்ற பயிற்றுநரின் கண்காணிப்பில், மேலிருந்து கயிறு தொங்கும் செயற்கைச் சுவரில் ஏறலாம். தலைக்கவசத்தோடு, கயிறு காக்கும் முறையைத் தரையில் நின்று பயிலலாம். ஆப்புகளைத் தரைமட்ட வெடிப்புகளில் செருகி, உடல் எடையால் இழுத்து, நிற்பதையும் நழுவுவதையும் ஒப்பிட்டு அறியலாம். பதினெட்டு வயதுக்குப் பின்பு, விரும்புவோர், அனுபவமிக்கவர் பின்னே பாறையில் ஏறலாம். முன்செல்லும் தகுதி அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வரும். பயிற்சியில்லாத ஆசிரியர், எவ்வளவு ஆர்வமுடையவராயினும், ஒரு மாணவனையும் பாறைக்கு அழைத்துச் செல்லலாகாது. அச்சத்துக்கு விடை ஒழுங்கே.

இரண்டாம் எதிர்வாதம், இது வெள்ளையர் விளையாட்டு, செல்வர் பொழுதுபோக்கு என்பது. அறியாமையால் சொல்லப்படுவது இது. மலைபடுகடாம் என்னும் பழந்தமிழ் நூலில், குரங்கும் ஏறத் தயங்கும் நெடிய மலைச்சுவரில் தேனெடுக்கப் பொருத்திய மால்பு என்னும் ஏணி பேசப்படுகிறது. நீலகிரியின் குறும்பர்கள் கொடிகளை முறுக்கிய கயிற்றில் பாறை விளிம்பிலிருந்து இறங்கித் தேனடைகளை அறுக்கும் வழக்கமுடையவர்கள். மேலே ஒருவர் கயிற்றைக் காக்க, கீழே ஒருவர் தொங்க, இருவருக்கும் இடையே நம்பிக்கை ஒன்றே பாலமாக நின்ற தொழில் அது. மலாயாவின் சாலைகளுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் கருங்கல்லை உடைத்துப் பரப்பிய கைகளில் தமிழர் கைகள் எத்தனையோ. கல்லை அறிந்த கைகள் அவை. கல்லை உடைக்க மட்டுமே அனுமதிக்கப்பட்ட கைகள் என்பதுதான் வேறுபாடு.

மலையேற்றம் தமிழர்க்கு உரியதன்று என்போர் 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். எவரெஸ்டு உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டியோர் மகேந்திரன், மோகனதாஸ் ஆகிய தமிழர் இருவர். பனிமலை ஏற்றமும் கருங்கற் பாறையேற்றமும் ஒன்றல்ல. முறையும் கருவியும் வேறு. இருப்பினும், உயரம் என்பது இன்னாருக்கு உரியது என்று எழுதி வைக்கப்படவில்லை என்பதை அந்நாள் மெய்ப்பித்தது. அந்தச் சாதனை தமிழ்ப்பள்ளிகளில் பொது அறிவு வினாவாகச் சுருங்கிவிட்டது. பெயரையும் ஆண்டையும் சொன்னால் இரு மதிப்பெண். ஒரு மாணவனையேனும் ஒரு முடிச்சுப் போடத் தூண்டாத பாடம் அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகுமா?

செலவைப் பற்றிய கேள்வி நேர்மையானது. கயிறும் கருவிகளும் விலை மிக்கவை. ஆனால் ஒரு தொகுதிக் கருவிகளை ஒரு குழுவே பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். கயிற்றை மட்டும் காலமும் தேய்வும் பார்த்து மாற்ற வேண்டும். பல பள்ளிகள் கூடி ஒரு தொகுதியை வைத்துக்கொள்வது இயலாத செயலன்று. பரிசளிப்பு விழாக்களில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் விடை எளிதில் விளங்கும்.

மூன்றாம் எதிர்வாதம் சற்று நுட்பமானது. முன்னோரே பாறையில் படி வெட்டினார்களே என்பர். புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில், சமண முனிவர் தங்கிய குகைக்குச் செல்லப் பாறையில் ஏழு படிகள் செதுக்கப்பட்டுள்ளன. ஏழடிப்பட்டம் என்றே அவ்விடத்துக்குப் பெயர். பத்துமலையில் 272 படிகள் உள. இவை தவறா என்று கேட்பர். தவறல்ல. குகைக்கும் கோயிலுக்கும் செல்வோரின் நோக்கம் மேலே இருக்கிறது. முதியவரும் குழந்தையும் காவடி சுமப்பவரும் அங்கே போய்ச் சேர வேண்டும். அவர்களுக்குப் படி அறம். பாறையேறுபவரின் நோக்கமோ வழியிலேயே இருக்கிறது. அவருக்கு வழியைத் தூர்த்து உச்சியைக் கொடுப்பது, பசித்தவனுக்குச் சமைத்த பாத்திரத்தைக் காட்டி உணவை மறுப்பதற்கு ஒப்பாகும்.

அதே பத்துமலையின் மற்றொரு முகத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். தைப்பூசத்தில் இலட்சக்கணக்கானோர் ஏறும் படிகளுக்கு அப்பால், அக்குன்றின் வேறு புறத்தில் டமாய் என்னும் பகுதியில், கிள்ளான் பள்ளத்தாக்கின் பாறையேறிகள் வார இறுதிகளில் பயில்கின்றனர். அங்கே துளையாணிகள் உள்ளன. அவற்றை இக்கட்டுரை கண்டிக்கவில்லை. ஆப்புச் செருக வெடிப்பே இல்லாத வழவழப்பான சுண்ணாம்புச் சுவரில், உடல்வலிமையையும் நுட்பத்தையும் வளர்க்க, அளவோடு அடித்த ஆணிக்கு இடமுண்டு. எழுதப் பழகும் பிள்ளைக்குக் கோடிட்ட ஏடு போல. கண்டிக்க வேண்டியது வேறு: கை நுழையும் வெடிப்பு பக்கத்திலேயே இருக்க, அதைப் படிக்கச் சோம்பி, அதன் அருகில் அடிக்கும் ஆணி, ஒருவர் ஆப்பு வைத்து ஏறிய வழியில், தமக்கு அத்துணிவில்லை என்பதற்காக மற்றொருவர் அடிக்கும் ஆணி. கோடிட்ட ஏட்டில் எழுதிப் பழகுவது கல்வி. கவிஞனின் ஏட்டில் கோடு கிழிப்பது என்ன?

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மால்பு என்னும் சொல் வழக்கொழிந்தது. தேனெடுக்கப் பாறையேறிய வாழ்க்கை பெரும்பான்மைத் தமிழரை விட்டு நீங்கியதும் அச்சொல்லும் உரைநூலின் அடிக்குறிப்பில் ஒடுங்கிற்று. செயல் போனால் சொல் போகும். இது மொழியின் இயல்பு. தமிழ் அழிகிறது என்று மேடைகளில் முழங்குவோர், தமிழை எந்தப் புதிய செயலுக்குள் கொண்டு சென்றனர் என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும். பாறையில் காற்று இரைச்சலிட, ஒருவரையொருவர் காணாத நிலையில், முப்பது மீட்டர் இடைவெளியில் இருவர் பேசிக்கொள்ளச் சில சொற்களே பயன்படும். அவை குறுகியவையாக, ஒன்றோடொன்று மயங்காதவையாக இருத்தல் வேண்டும். இறுக்கு, தளர்த்து, நில், ஏறுகிறேன், விழுகிறேன், கல் என இத்தேவைக்குத் தமிழின் ஏவல் வினைகள் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகின்றன. உயிர் காக்கும் கட்டளையைத் தாய்மொழியில் ஒருமுறை கூவியவனுக்கு அம்மொழி பாடநூலின் மொழியாக மட்டும் இருக்காது. வெடிப்பு, விளிம்பு, குடைவு, முகடு, சரிவு, பிளவு ஆகியவற்றின் வேறுபாடு கல்லைத் தொட்டவனுக்கே முழுதும் விளங்கும். இன்று இச்சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் என்று மாணவருக்குச் சொல்லப்படுகின்றன. பாறையில் அவ்வாறு எண்ணுபவன் கை வைக்கும் இடம் தவறும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் கயிறும் முடிச்சும் இடம்பெற வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெறுவோருள் விருப்பமுடையோர், தகுதி பெற்ற பயிற்றுநர்களிடம் பாறையேற்றம் கற்க வழி செய்தல் வேண்டும். எழுத்தாளரும் தமிழாசிரியரும் இக்கலைக்கான சொற்களைத் தொகுத்தும், இல்லாதவற்றைப் படைத்தும், மாணவர் நாவில் உலவவிட வேண்டும். உரியவர் இசைவு பெற்று, தாக்குன் குன்றின் அடிவாரத்துக்கு மாணவரை அழைத்துச் சென்று, அண்ணாந்து பார்க்கவேனும் வைத்தல் வேண்டும். அங்கே வாழும் செடிகளையும் கல்லின் வெடிப்புகளையும் அவர்கள் வரைந்து வரட்டும். அன்று ஏற வேண்டியதில்லை. ஏறத்தக்க ஒன்று தம் ஊரில் இருக்கிறது என்று அறிந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எளிமையாக்குதல் என்னும் பெயரால் பாறையையும் பாடத்தையும் தாழ்த்தும் போக்கை ஆசிரியர் உலகம் எதிர்த்து நிற்க வேண்டும். பிள்ளை ஏறமாட்டான் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்தான் ஆணியடிக்கிறார். அது கருணை அன்று, நம்பிக்கையின்மை. இன்று ஏற இயலாத மாணவனுக்கு ஐந்தாண்டு பயிற்சி கொடுக்கலாம். பத்தாண்டு கழித்து அவன் ஏறலாம். அவன் ஏறாவிட்டாலும் அவன் தங்கை ஏறலாம். துளையிட்ட பாறையோ அவர்கள் வரும்வரை காத்திருக்காது. அதற்குள் அது வேறொன்றாகியிருக்கும். பின்வரும் தலைமுறைக்குப் பாறையைப் பாறையாகவே விட்டுவைப்பது இன்றைய ஆசிரியரின் கடமை.